மருதாணி அழிந்த இரண்டு நகங்கள்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு பெல்காசிம் தன் நாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். நான்கு கிலோமீட்டர் பாலைவன மணலில் நடந்திருந்தான். கால்நடை மருத்துவர் நஸீஹாவின் அறையில் அதை இறக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சுவரோரம் நின்றான். நஸீஹாவும் ஒன்றும் கேட்கவில்லை. கொதிக்கும் கோபத்தோடு வருபவன் முதல் வார்த்தையைத் தானே தேடிக்கொள்ளட்டும் என்று நினைப்பவள் அவள்.

அந்த மௌனத்தைத் தாங்க முடியாதவர் மோன்ஸெஃப் ஒருவர்தான். முப்பது வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது டாக்டரின் வண்டியை ஓட்டுகிறார், ஆடுகளின் கொம்பைப் பிடிக்கிறார். உறையைப் பார்த்தே உள்ளே இருக்கும் கடிதத்தைச் சொல்லிவிடும் திறமை தனக்கு உண்டு என்று நம்புகிறவர்.

"தம்பி, வைத்தியம் நாய்க்கா உனக்கா? மூஞ்சி ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கு" என்றார்.

பெல்காசிம் சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். நஸீஹா அதைச் சத்தமாகப் படித்தாள். "ஷஹ்லா என்னும் பெண் வேட்டைநாய். வயது ஐந்து. இரண்டு இடுப்பிலும் பழைய மூட்டுவாதம். பரம்பரை நோய். குட்டிகளுக்கும் வரும்." கீழே கம்பவுண்டர் ஃபத்ஹியின் கையெழுத்து.

"ஃபத்ஹியா?" என்றார் மோன்ஸெஃப். "மனுஷங்களுக்கு ஊசி போடுற ஆளாச்சே. நாய்க்கு எப்பலேர்ந்து?"

"ஹாஜி லஸ்ஹர் எழுதச் சொன்னாரு, எழுதிட்டான்" என்றான் பெல்காசிம். "மூணு வாரம் முன்னாடி திருவிழா ஓட்டத்துக்கு இவளைக் கேட்டாரு. நாங்க ஸ்லூகி வேட்டைநாயை விக்க மாட்டோம், கேட்டா குடுப்போம், உங்களுக்குத் தெரியும். குடுத்தேன். திங்கக்கிழமை லாரியில கொண்டாந்து வாசல்ல எறக்கிட்டுப் போயிட்டாங்க, இந்தத் தாளோட. நோயை மறைச்சு ஏமாத்திட்டேனாம். வெள்ளிக்கிழமை தொழுகைக்கப்புறம் பெரியவங்க கூடுறாங்க. இவளையும் நாலு குட்டியையும் சுட்டுடணும்னு கேக்கப் போறாரு. கெட்ட ரத்தம் ஊர்ல பரவக் கூடாதாம்."

"குட்டிக்கு எத்தனை மாசம்?"

"மூணு. இன்னும் ஓடிப் பழகல." அவன் குரல் அங்கேதான் உடைந்தது. "எங்க பாட்டன் காலத்து வம்சம் டாக்டரம்மா. ஒரு நாய்க்குக்கூட மூட்டுல நோய் வந்ததில்ல. இல்லாத நோய்க்கு எப்படிச் சாட்சி சொல்றது?"

நஸீஹா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "கீழ விடுங்க. நடக்கட்டும்."

ஷஹ்லா நடந்தது. மணல் நிற உடம்பு, கறுத்த முகம், மருதாணி வைத்த நான்கு பாதங்கள். மூன்று கால்கள் சரியாகவே சென்றன. இடது பின்னங்கால் மட்டும் வீசப்பட்ட துணி மாதிரி முன்னால் வந்து, பாதத்தின் மேற்புறம் தரையில் தேய, ஒரு கணம் கழித்துத்தான் ஊன்றியது.

"காலையில எழுந்திருக்கும்போது எப்படி? விறைச்சுக் கெடக்குதா?"

"இல்ல. துள்ளிதான் எழுந்திருப்பா. அந்தக் கால்தான் கூட வராது."

"நடக்க நடக்கச் சரியாகுதா?"

"எங்க? களைச்சா இன்னும் இழுக்குது."

அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டாகப் பிடித்து மடக்கினாள், நீட்டினாள். இடுப்பு, முழங்கால், கணுக்கால். எந்த மூட்டுக்குள்ளும் கொதிப்பு இல்லை, வீக்கம் இல்லை, கரகரப்பு இல்லை. ஷஹ்லா அவள் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு வலது பின்பாதத்தைத் திருப்பி, மேற்புறம் தரையில் படும்படி வைத்தாள். நாய் உடனே அதை நிமிர்த்திக்கொண்டது. இடது பாதத்தையும் அப்படியே வைத்தாள். மோன்ஸெஃப் வாய்விட்டு எண்ணினார். ஏழு வரை எண்ணியும் பாதம் கவிழ்ந்தபடியே இருந்தது. நாய் அதை அறிந்ததாகவே தெரியவில்லை.

இடுக்கியால் இடது பாதத்தின் வெளிப்பக்க விரலை அழுத்தினாள். ஒன்றுமில்லை. உள்பக்க விரலை அழுத்தினாள். ஷஹ்லா முனகித் திரும்பிப் பார்த்தது. முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டியபோது கால் முன்னே உதறிற்று. வலது கால் எல்லாவற்றிலும் சரியாக இருந்தது. வால் ஆடியது.

"முதுகெலும்புல அடி" என்றார் மோன்ஸெஃப். "லாரி ஏத்தியிருப்பாங்க. எழுதி வெச்சுக்கங்க."

"முதுகெலும்புன்னா வலது காலும் வாலும் சும்மா விட்டிருக்குமா மோன்ஸெஃப்?"

"அப்ப விஷம்."

"விஷத்துக்கு ஒரு கால் மட்டும் போதுமா?"

நஸீஹா நாயின் நகங்களை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா நகங்களும் செங்கல் நிறத்தில் இருந்தன. இடது பின்பாதத்தின் நடு விரல்கள் இரண்டில் மட்டும், நகத்தின் மேற்பரப்பு அரம் போட்டுத் தேய்த்ததுபோல் தட்டையாகி வெளுத்திருந்தது.

"மருதாணி எப்ப வெச்சது?"

"ஹாஜி வீட்டுக்கு அனுப்புறதுக்கு முந்தின ராத்திரி. என் வீட்டுக்காரி மஹ்பூபா வெச்சா. பாதம் கெட்டிப்படும்னு."

"உங்க வீட்டுல சிமெண்டுத் தரை இருக்கா?"

அவன் முதல்முறையாகச் சிரித்தான். "வாசல்ல மணல், அறையில மணல், சோத்துலயும் மணல்தான் டாக்டரம்மா."

கடைசியாக அவள் விரல், புதிதாகப் பொருக்குத் தட்டிய வட்டங்களில் நின்றது. இரண்டு இடுப்பில், இரண்டு கணுக்கால்களின் வெளிப்பக்கத்தில். இரும்பால் வைத்த சூடு.

"இது?"

"நேத்து பெரியவர் மிஸ்பாஹ் வெச்சாரு. மூட்டுவாதத்துக்கு வேற என்ன செய்வோம்? நான்தான் பிடிச்சிருந்தேன். இடுப்புல ரெண்டு தடவையும் கத்தினா. வலது கணுக்கால்ல வெச்சப்போ துள்ளி என்னைக் கீழ தள்ளிட்டா. கடைசியா இடதுல வெச்சாரு. அசையவே இல்ல. பெரியவர் அவ நெத்தியில முத்தம் குடுத்தாரு. அசல் ரத்தம் இப்படித்தான், ஒருதரம் பழகிட்டா வலியை விழுங்கிடும்னாரு." சொல்லும்போது அவன் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது.

நஸீஹா எழுந்து கை கழுவப் போனாள். அவசியத்துக்கும் மேலாக நெடுநேரம் கழுவினாள். அந்த முதுகின் அசைவின்மை மோன்ஸெஃபுக்குத் தெரியும். அவள் கோபப்படும்போது குரல் உயராது, வேலை மெதுவாகும்.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு இவளையும் குட்டிகளையும் கூட்டிட்டு வாங்க" என்றாள் திரும்பாமலே. "அதுவரைக்கும் அந்தப் பாதத்துல தோல்ல ஒரு உறை தைச்சுப் போடுங்க. வேற யாரும் சூடு வைக்க விடாதீங்க."

*

வியாழக்கிழமை நஸீஹாவும் மோன்ஸெஃபும் ஹாஜி லஸ்ஹரின் வீட்டுக்குப் போனார்கள். முற்றம் முழுவதும் சிமெண்டு. ஒட்டகம் வழுக்காமல் இருக்க அது சொரசொரப்பாக விடப்பட்டிருந்தது. நஸீஹா செருப்பின் அடிப்பாகத்தால் அதை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள்.

ஹாஜி அவளை மரியாதையாக வரவேற்றார். பேரீச்சம்பழமும் மோரும் வந்தன. பக்கத்தில் கம்பவுண்டர் ஃபத்ஹி இருந்தான். மோன்ஸெஃப் கை கொடுக்கப் போக, "கை ஈரம்" என்று அவன் கையை மூடியபடி மணிக்கட்டை நீட்டினான். மோன்ஸெஃப் மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒரு நாய்க்காக இவ்வளவு தூரமா டாக்டர்?" என்றார் ஹாஜி. "நான் அவனை ஒண்ணும் செய்யலையே. நம்பி வாங்கினேன், ஏமாந்தேன். அவ்வளவுதான்."

"மூணு வாரமும் இங்கதான் இருந்தாளா?"

"இங்கதான். இந்த முற்றத்தை விட்டு வெளிய போகல. ராணி மாதிரி வெச்சிருந்தோம்."

"வெளிய போகவே இல்லையா?" என்றார் மோன்ஸெஃப். "மூணாம் நாள் உங்க விருந்தாளிங்களோட வேட்டைக்குப் போனதா ஊரே சொல்லிச்சே. ரெண்டு முயல் பிடிச்சாளாம்."

"ஆமாமா, அந்த ஒரு நாள்தான். அன்னைக்கு நல்லாத்தான் ஓடினா. மறுநாளும் ஓட்டிக் காட்டலாம்னு இருந்தோம். விடிஞ்சு பார்த்தா காலை இழுக்குறா. உள்ளே பதுங்கியிருந்த நோய், ஓடினதும் வெளிய வந்துடுச்சு. ஃபத்ஹி பார்த்தவுடனே சொல்லிட்டான்."

"தொட்டுப் பார்த்தீங்களா?" என்று நஸீஹா ஃபத்ஹியிடம் கேட்டாள்.

"எதுக்குத் தொடணும்? இருபது வருஷமா மூட்டுவாதம் பார்க்குறேன். வாசல்லேர்ந்தே தெரியும். நான் அந்த நாய் பக்கத்துலகூடப் போகல."

"மருந்து ஏதாவது?"

"நான் எதுக்கு நாய்க்கு மருந்து குடுக்கப் போறேன்?"

அவள் தலையாட்டினாள். மோரைக் குடித்து முடித்தாள். எழுந்து வாசலுக்கு வந்தபோது ஃபத்ஹி பின்னாலேயே வந்தான். அக்கறையான குரலில், "டாக்டர், அவளைப் பார்க்குறதா இருந்தா வாயைக் கட்டிட்டுப் பாருங்க. பின்னந்தொடையில கை வெச்சா கடிச்சுடுவா" என்றான்.

"சொன்னதுக்கு நன்றி" என்றாள் நஸீஹா.

வண்டி ஊரைத் தாண்டியது. மோன்ஸெஃப் சொன்னார்: "அவன் கை காய்ஞ்சுதான் இருந்துச்சு டாக்டரம்மா."

"என்ன?"

"ஈரம்னான். மணிக்கட்டைப் பிடிச்சப்போ ஒரு சொட்டு ஈரம் இல்ல. பேரீச்சம்பழத்தையும் இடது கையாலதான் எடுத்தான். சோத்துக் கையை மடியிலயே வெச்சுக்கிட்டு இடது கையால சாப்பிடுற முஸ்லிமை நான் இன்னைக்குத்தான் பார்த்தேன்."

நஸீஹா அவர் பக்கம் திரும்பினாள். "இந்த ஒண்ணுதான் எனக்குக் குறையா இருந்துச்சு மோன்ஸெஃப்" என்றாள்.

*

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, பள்ளிவாசலை ஒட்டிய பேரீச்சைத் தோப்பில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நடுவில் மிஸ்பாஹ். எழுபது வயதைத் தாண்டியவர். அவர் வாய்ச் சொல்தான் அந்த ஊரில் முடிவு. அவர் காலடியில் அவருடைய கிழ நாய் தர்வீஷ் படுத்திருந்தது. எதிரே பெல்காசிம், மடியில் ஷஹ்லாவின் தலை. பக்கத்தில் கூடைக்குள் நான்கு குட்டிகள் ஒன்றின் காதை ஒன்று கடித்துக்கொண்டிருந்தன.

ஹாஜி தன் வழக்கைச் சுருக்கமாகச் சொன்னார். ஃபத்ஹி தாளைப் படித்தான். மிஸ்பாஹ் நஸீஹாவைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற? மூட்டுவாதம் இல்லையா?" என்றார்.

"முதல்ல மூட்டுவாதம்னா என்னன்னு காட்டுறேன் பெரியவரே. உங்க தர்வீஷைக் கூப்பிடுங்க."

மிஸ்பாஹ் நாக்கைச் சொடுக்கினார். தர்வீஷ் முன்னங்கால்களால் உடம்பை இழுத்து, முனகி, பின்பக்கத்தை இரண்டு தவணையாகத் தூக்கி எழுந்தது. முதல் சில அடிகள் மரக்கால்போல வைத்தது. தோப்பை ஒரு சுற்று நடத்தியபின் நடை இளகி, வால்கூட ஆடியது. நஸீஹா அதன் இடுப்பை மெல்லப் பின்னால் நீட்டினாள். அது சட்டென்று தலையைத் திருப்பி உறுமியது. பாதத்தைக் கவிழ்த்து வைத்தாள். வலியோடானாலும் உடனே நிமிர்த்திக்கொண்டது.

"இது மூட்டு. எழும்போது விறைப்பு, நடந்தா இளகும். மடக்கினா வலி. ஆனா பாதம் எங்க இருக்குன்னு நாய்க்குத் தெரியும். இப்ப ஷஹ்லாவைப் பாருங்க."

அவள் எல்லாவற்றையும் அதே வரிசையில் செய்து காட்டினாள். ஷஹ்லா துள்ளி எழுந்தது. இடுப்பை நீட்டியபோது கொட்டாவி விட்டது. ஆனால் இடது பாதத்தைக் கவிழ்த்து வைத்தபோது, அத்தனை ஆண்களும் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, அது கவிழ்ந்தே இருந்தது.

"மூட்டுல ஒண்ணும் இல்ல. செத்தது நரம்பு. இந்த ரெண்டு நகத்தைப் பாருங்க. பாதத்தைத் தூக்கத் தெரியாம சொரசொரப்பான தரையில இழுத்து இழுத்துத் தேஞ்சது. மூட்டுவாத நாய் இப்படித் தேய்க்காது. மருதாணி வெச்சது ஹாஜி வீட்டுக்குப் போன முந்தின ராத்திரி. அந்த மருதாணியே தேஞ்சு போயிருக்கு. ஆக, தேஞ்சது அதுக்கப்புறம். பெல்காசிம் வீட்டுல மணலைத் தவிர ஒண்ணும் இல்ல. சிமெண்டு இருக்குறது ஹாஜி முற்றத்துல."

"ஓடினதுல வந்திருக்கும்" என்றார் ஹாஜி. "டாக்டரே சொல்றாங்க பாருங்க, நரம்புன்னு. நரம்புநோயும் பரம்பரைதானே?"

"பரம்பரை நோய்னா ஒரு கால்ல, அதுலயும் பாதத்தோட வெளிப்பக்கத்துல மட்டும், ராத்திரியோட ராத்திரியா வராது ஹாஜி. உள்பக்க விரல்ல அவளுக்கு உணர்ச்சி இருக்கு. ஏன்னா அதுக்கு வேற நரம்பு, தொடையோட முன்பக்கமா வருது. கெட்டது பின்னந்தொடை வழியா போற ஒரே ஒரு நரம்பு. அங்க எலும்பு முறியல, காயம் இல்ல, லாரி ஏறல. காயம் தெரியாம அந்த இடத்துக்குள்ள போகக் கூடியது ஒண்ணுதான். ஊசி. மறுநாளும் விருந்தாளிங்க முன்னாடி ஓட்டணும்னு, களைப்பு தீர ஒரு ஊசி. மனுஷனுக்குப் போடுற பழக்கத்துல போட்டது."



"இது அவதூறு" என்றான் ஃபத்ஹி. "நான் அந்த நாயைத் தொடவே இல்லைன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. பக்கத்துலகூடப் போகலைன்னீங்க. அப்புறம், பின்னந்தொடையில கை வெச்சா கடிப்பான்னு சொல்லி அனுப்பினீங்க. பெல்காசிம், இவ யாரையாவது கடிச்சிருக்காளா?"

"என் குழந்தைங்க அவ மேல ஏறித் தூங்குதுங்க டாக்டரம்மா."

"நானும் அந்தத் தொடையை அழுத்திப் பார்த்துட்டேன். இப்ப அழுத்தினா அவ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குறா. அவ கடிக்கக் கூடிய நேரம் ஒண்ணுதான் இருந்துச்சு. ஊசி நரம்புல ஏறின அந்த நிமிஷம். அது அந்த நிமிஷம் அங்க இருந்தவனுக்கு மட்டும்தான் தெரியும். உங்க வலது கையை விரிங்க ஃபத்ஹி."

அவன் விரிக்கவில்லை. மிஸ்பாஹ், "விரிடா" என்றார். பெருவிரலுக்குக் கீழே இரண்டு, புறங்கையில் இரண்டு, இளஞ்சிவப்பாக ஆறிய புள்ளிகள் இருந்தன.

"நல்லெண்ணத்துலதான் போட்டேன்" என்றான் ஃபத்ஹி. "ஹாஜிதான் கேட்டாரு. வைட்டமின்தான். மறுநாள் காலை இழுத்தவுடனே பயந்துட்டேன்."

"பயம் வந்தா என்கிட்ட கொண்டாந்திருக்கலாம். அன்னைக்கே கொண்டாந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். நீங்க பேனாவை எடுத்து, பரம்பரைன்னு எழுதினீங்க. உங்க ஊசிக்கு இந்த நாலு குட்டியைச் சாகச் சொன்னீங்க." நஸீஹாவின் குரல் உயரவில்லை. "ஹாஜி, உங்களுக்கு ஊசி போட்டது தெரியும். கால் எதனால போச்சுன்னு நீங்க ஒருதரமும் யோசிக்கலையா? இல்ல, யோசிக்காம இருந்தது வசதியா இருந்துச்சா?"

ஹாஜி பாயின் ஓரத்தைப் பார்த்தார்.

மிஸ்பாஹ் மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் இடது கணுக்கால்ல சூடு வெச்சேனே. அவ கத்தல."

நஸீஹா இந்தக் கேள்வி வராமல் போகட்டும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். "வலது பக்கம் துள்ளினாளே பெரியவரே. இடது பக்கம் அவளுக்கு உணர்ச்சியே இல்ல. அது தைரியம் இல்ல. அப்பவே தெரிஞ்சிருக்கணும். நமக்கு அசல் ரத்தம்னு சொல்லிப் பழக்கமாயிடுச்சு."

கிழவர் தன் கைகளைப் பார்த்தார். பெல்காசிம் ஷஹ்லாவின் காதை நீவிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"நான்தான் பிடிச்சிருந்தேன்" என்றான். யாரிடமும் சொல்லவில்லை. "மத்த மூணு தடவையும் அவ கதறினப்போ, பொறுத்துக்கோடின்னு சொன்னேன். ஒரு புண்ணியமும் இல்லாத சூடு. அவ கத்தாதப்போ, பெருமையா வீட்டுல போய்ச் சொன்னேன்."

ஒரு குட்டி கூடையிலிருந்து தலைகீழாக விழுந்து, எழுந்து, தாயிடம் ஓடிற்று.

"கால் திரும்புமா?" என்று மிஸ்பாஹ் கேட்டார்.

"நரம்பு மாசத்துக்கு ரெண்டு விரக்கடைதான் வளரும். நடக்க வரலாம், வராமலும் போகலாம். ஓட்டம் இனிமே இல்ல."

மிஸ்பாஹ் தீர்ப்பைச் சொன்னார். குட்டிகளை யாரும் தொடக் கூடாது. ரத்தம் சுத்தம் என்று ஊர் அறியட்டும். ஃபத்ஹி இனி எந்த மிருகத்துக்கும் ஊசி எடுக்கக் கூடாது. ஹாஜி எழுந்து பெல்காசிமின் தலையில் முத்தமிட வேண்டும்.

ஹாஜி எழுந்தார். குனிந்து முத்தமிட்டார். அது சுலபமாகவே நடந்தது. சுற்றியிருந்தவர்கள் பெருமூச்சு விட்டு, அல்லாஹ் இருவரையும் சேர்த்து வைக்கட்டும் என்றார்கள். ஹாஜி முகம் தெளிந்து, கூடையை எட்டிப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. ரத்தம் சுத்தம்னு தெரிஞ்சுடுச்சு. அந்தக் கறுப்பு மூஞ்சி ஆண்குட்டியை எனக்குக் குடு பெல்காசிம். அடுத்த திருவிழாவுக்கு ஆகும்."

அவர் கையை நீட்டினார். கூட்டத்தின் நடுவே குட்டி கேட்டால் மறுக்கும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது. அதனால்தான் அவர் அங்கே கேட்டார். மோன்ஸெஃப் வாய் திறக்கப்போனவர், நஸீஹாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

பெல்காசிம் நான்கு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கூடைக்குள் எடுத்து வைத்தான். பிறகு நிமிர்ந்தான்.

"மாட்டேன் ஹாஜி."

"குடுத்துடுப்பா, சமாதானம் ஆயாச்சே" என்று யாரோ சொன்னார்கள்.

"சுடணும்னு கேட்ட அதே வாயால கேக்குறாரு. உங்க யாருக்கும் அது கேக்கலையா?" என்றான் பெல்காசிம். அவன் சத்தம் போடவில்லை. "இதுல ஒண்ணுகூட அந்த முற்றத்துல கால் வைக்காது. இதுங்க குட்டிகளும் வைக்காது. முத்தத்தை வேணும்னா திருப்பி எடுத்துக்கங்க."

எல்லாரும் மிஸ்பாஹைப் பார்த்தார்கள். கிழவர் தடியை ஊன்றி எழுந்தார்.

"அவர் கேட்டாரு. இவன் மறுத்தான். ரெண்டுக்கும் நான் சாட்சி" என்றார். "கூட்டம் முடிஞ்சுது."

ஹாஜியின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. பெல்காசிம் ஷஹ்லாவைத் தோளில் தூக்கிக்கொண்டான். மிஸ்பாஹ் யாரும் எதிர்பாராத விதமாகக் குனிந்து, குட்டிகள் இருந்த கூடையைத் தானே எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தார்.